பூட்டு இங்கே, சாவி எங்கே?

பெண்ணைத் தெய்வம் என்கிறார்கள். ஆற்றுக்குப் பெண்ணின் பெயர். மண்ணுக்குப் பெண்ணின் பெயர். நாட்டுக்குத் 'தாய்' என்று பெயர். பேசும் மொழிக்கும் 'தாய்' என்றே பெயர். பெயர் சூட்டுவதிலே நம்மவர் காட்டும் தாராளத்துக்கு அளவே இல்லை! ஆனால், அந்தத் தாய்நாட்டிலே வாழ வழியற்று, உடலுக்கும் உயிருக்கும் ஊறு நேருமென அஞ்சி, ஒரு பெண் கடல் கடந்து ஓடிவந்து, "எனக்குப் புகலிடம் கொடுங்கள்" என்று கேட்டாளாயின், தெய்வம் மறைந்துவிடுகிறது, தாயும் மறைந்துவிடுகிறாள், கோப்பு ஒன்று முன்னே வந்து நிற்கிறது. "யார் மகள்? யார் மனைவி? எந்தத் தேதியில் வந்தாய்? கடவுச்சீட்டு எங்கே?" என்று கேள்விகள் கிளம்புகின்றன. "ஏன் ஓடிவந்தாய்?" என்ற கேள்வி, முதலிலே கேட்கப்படவேண்டிய கேள்வி, கேட்கப்படுவதே இல்லை!

ஏன் கேட்பதில்லை? கேட்டே தீரவேண்டும் என்று கட்டளையிடும் சட்டம் இந்நாட்டிலே இல்லை. இரக்கம் இருக்கிறது, அரிசி இருக்கிறது, பணக்கொடை இருக்கிறது, இன்று நல்ல வீடுகூட இருக்கிறது. இல்லாதது ஒன்றே ஒன்று: உரிமை. அந்த ஒன்றைப் பற்றித்தான் இங்கே பேசுகிறோம்.

திண்டுக்கல், பூட்டுக்குப் பெயர்போன ஊர். கைத்திறத்தாலே உருவாகி, கள்ளச் சாவிக்கு மசியாத பூட்டு. 2019ஆம் ஆண்டிலே புவிசார் குறியீடும் பெற்ற பூட்டு. அந்த ஊரை அடுத்துள்ளது தோட்டனூத்து. அங்கே 2022 செப்டம்பரில், இலங்கையிலிருந்து வந்த தமிழ்க் குடும்பங்களுக்கென 321 வீடுகளைத் தமிழ்நாட்டு அரசு கட்டித் திறந்துவைத்தது. 17 கோடி ரூபாய்க்கு மேற்பட்ட செலவு. அதற்கு முந்திய ஆண்டிலே, 2021 ஆகஸ்டில், 'அகதிகள் முகாம்' என்ற பெயரை நீக்கி, 'இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம்' என்று அழைப்போம் எனச் சட்டமன்றத்திலே அறிவிப்பும் வந்தது. நன்று, மிக நன்று. ஒண்டுக் குடிசையிலே தலைமுறை ஒன்று வளர்ந்து முடிந்த பிறகேனும் கூரையுள்ள வீடு கிடைத்ததே என்று மகிழ்கிறோம், செய்தவரைப் பாராட்டுகிறோம்.

ஆனால் தோழர்களே, அந்த வீட்டுக்குச் சாவி பெற்ற பெண்ணுக்கு, அவ்வீடு நிற்கும் நாட்டுக்குச் சாவி கிடைக்கவில்லை. வீடு, மாநில அரசின் மனம் தந்தது. குடியுரிமையும் வெளிநாட்டவர் சட்டமும் டில்லியின் கையிலே இருப்பவை. மனம் தந்ததை இன்னொரு மனம் எடுத்துக்கொள்ளலாம். சட்டம் தந்ததை அவ்வளவு எளிதிலே எடுத்துக்கொள்ள முடியாது. வீட்டுக் கதவைத் திறந்துவிட்டு, நாட்டுக் கதவிலே பூட்டுப் போட்டிருக்கிறார்கள். அந்தப் பூட்டைச் செய்தவர் யார்? எப்போது செய்தார்?

எதற்கு அஞ்சி வந்தார்கள்?

"போர் நடந்தது, வந்தார்கள்" என்று ஒரே மூச்சிலே சொல்லிவிடுகிறோம். போரிலே ஆணும் சாகிறான், பெண்ணும் சாகிறாள். ஆனால் பெண்ணுக்குச் சாவுக்கு முன்னே இன்னொரு தண்டனை காத்திருக்கிறது.

1983 சூலையிலே கொழும்பு எரிந்தது. அதன்பின் சோதனைச் சாவடிகள் முளைத்தன. பெண்ணாய்ப் பிறந்தவள் ஒவ்வொரு நாளும் அந்தச் சாவடிகளைக் கடந்தாக வேண்டும். 1996 செப்டம்பர் 7. யாழ்ப்பாணத்திலே தேர்வு எழுதிவிட்டு மிதிவண்டியிலே வீடு திரும்பிய பள்ளி மாணவி ஒருத்தி, செம்மணிச் சாவடியிலே நிறுத்தப்பட்டாள். படையினர் பலர் கூடி அவளைச் சிதைத்தனர், கொன்றனர். தேடிப்போன தாயையும், தம்பியையும், உடன்போன அண்டைவீட்டாரையும் கொன்றனர். 1998இல் கொழும்பு உயர்நீதிமன்றம் அந்தப் படையினருக்குத் தூக்குத் தண்டனை விதித்தது. அம்மாணவியின் பெயரை இங்கே எழுதவேண்டியதில்லை, தமிழுலகம் அறியும். அவள் செய்த குற்றம் என்ன? தமிழச்சியாய்ப் பிறந்தது பாதி. பெண்ணாய்ப் பிறந்தது பாதி.

தடுப்புக் காவலிலே பாலியல் வன்முறை அங்கொன்றும் இங்கொன்றுமாக நடந்ததன்று, பரவலாக நடந்தது என்று 2015 செப்டம்பரில் ஐக்கிய நாடுகள் மனித உரிமை அலுவலகத்தின் ஆய்வறிக்கை எடுத்துரைத்தது. அதே அறிக்கை, புலிகள் இயக்கம் சிறுவரையும் சிறுமியரையும் வலிந்து படையிலே சேர்த்ததையும் மறைக்காமல் எழுதியது. உண்மையை ஒரு கண்ணாலே பார்ப்பது பகுத்தறிவாகாது. சாவடிக்கு அஞ்சிய தாயும் உண்டு. மகளைப் படைக்கு இழுத்துப்போவார்களோ என்று அஞ்சிய தாயும் உண்டு.

இவற்றைச் சொல்லும்போது நம் ஏடுகள் நெடுங்காலம் ஒரு சொல்லை எழுதிவந்தன: 'கற்பழிப்பு'. என்ன அழிந்தது? யாருடையது அழிந்தது? குற்றம் செய்தவன் ஒருவன். இழுக்கு மட்டும் குற்றமற்றவளுக்கா? பொருள் களவுபோனவன் காவல்நிலையத்துக்கு நிமிர்ந்து போகிறான். உடலிலே வன்முறைக்கு ஆளானவள் தலைகுனிந்து போகவேண்டுமாம்! இந்த மூடத்தனம் வீட்டிலே மட்டும் நின்றுவிடவில்லை. புகலிடம் கேட்கும் மேசைக்கும் வந்து சேர்ந்துவிட்டது. ஆண் அதிகாரி எதிரே, ஆண் மொழிபெயர்ப்பாளர் பக்கத்திலே, கணவன் அருகிலே, மாமனார் வாசலிலே. "உனக்கு என்ன நேர்ந்தது, சொல்" என்றால் எவள் சொல்வாள்? சொல்லாவிட்டால், "ஒன்றும் நேரவில்லை" என்று எழுதிக்கொள்கிறார்கள். பிறகு ஒருநாள் துணிந்து சொன்னால், "முன்பே ஏன் சொல்லவில்லை? பொய்" என்கிறார்கள். சீதையைத் தீயிலே இறக்கியது கதை. சொன்னாலும் குற்றம், சொல்லாவிட்டாலும் குற்றம் என்று ஒரு பெண்ணை நிறுத்துவது நடைமுறை!

மூன்று சட்டங்கள், ஒரே குருடு

பூட்டைச் செய்தவர் யார் என்று கேட்டோமல்லவா? மூன்று ஆண்டுகளை நினைவிலே வையுங்கள்: 1948, 1949, 1951.

1948. இலங்கை விடுதலை பெற்ற ஆண்டு. அந்த ஆண்டே குடியுரிமைச் சட்டம் இயற்றினார்கள். தேயிலைத் தோட்டத்திலே முதுகொடிய உழைத்த மலையகத் தமிழரை ஒரே வீச்சிலே நாடற்றவராக்கினார்கள். எப்படி? "உன் தந்தை இங்கே பிறந்தவரா? அல்லது, தந்தைவழிப் பாட்டனும் பூட்டனும் இங்கே பிறந்தவர்களா? மெய்ப்பித்துக் காட்டு" என்றது சட்டம். தாய்? தாயைப் பற்றிக் கேள்வியே இல்லை! கொழுந்து பறித்தவை பெரும்பாலும் பெண்களின் கைகள். அந்த மண்ணிலே பிள்ளை பெற்றவர்கள் பெண்கள். ஆனால், 'இந்த மண்ணுக்கு உரியவள்' என்று மெய்ப்பிக்க அவள் வயிறும் போதாது, அவள் உழைப்பும் போதாது. பாட்டனின் பிறப்புச் சீட்டு வேண்டும்! அத்தகைய சீட்டுக்கு, மதுரை, திருச்சி, சேலம், இராமநாதபுரச் சீமைகளிலிருந்து பஞ்சம் பிழைக்கப் போன கூலிமக்கள் எங்கே போவார்கள்? திண்டுக்கல்லும் அன்று மதுரை மாவட்டத்துக்கு உட்பட்ட சமவெளிதானே!

பிறகு 1964 அக்டோபரிலே சிறிமாவும் சாத்திரியும் கையொப்பமிட்டார்கள். 5,25,000 பேர் இந்தியாவுக்கு; 3,00,000 பேர் இலங்கைக்கு; எஞ்சிய ஒன்றரை இலட்சம் பேரைப் பற்றிப் பிறகு பார்ப்போம் என்றார்கள்; 1974இல் அவர்களையும் பாதிக்குப் பாதியாகப் பங்கிட்டார்கள். சந்தையிலே மூட்டையை எண்ணிப் பிரிப்பது போல மனிதரை எண்ணிப் பிரித்தார்கள். "நீ எங்கே வாழ விரும்புகிறாய், அம்மா?" என்று கேட்டார்களா?

1949. இந்தியாவிலே கடத்தப்பட்டோரை மீட்கும் சட்டம் பிறந்தது. பிரிவினைக் கொடுமையிலே எல்லையின் இருபுறமும் கடத்தப்பட்ட பெண்களை மீட்பதற்கென்று வந்த சட்டம். நோக்கம் நல்லதுதான். ஆனால், அச்சட்டம் 'கடத்தப்பட்டவர்' என்று யாரைச் சொன்னது தெரியுமா? ஆணென்றால் 16 வயதுக்கு உட்பட்ட சிறுவன். பெண்ணென்றால் எந்த வயதினளும்! அதாவது, 15 வயதுப் பையனும் 50 வயதுப் பெண்ணும் சட்டத்தின் கண்ணுக்கு ஒன்று. இருவருக்கும் சொந்த அறிவு இல்லை. இருவருக்கும் பிறர் முடிவு செய்யவேண்டும். எந்த நாட்டுக்குப் போகவேண்டும் என்பதைத் தீர்மானிக்க ஒரு மன்றம் இருந்தது. அவள் விருப்பம் முடிந்த முடிவாக இருக்கவில்லை. இளமையிலே தந்தை காக்க, வளர்ந்தபின் கணவன் காக்க, முதுமையிலே மகன் காக்க என்று மனு வகுத்தானே, அந்த வரிசையிலே நான்காவதாக அரசும் வந்து நின்றது, அவ்வளவே வேறுபாடு!

1951. ஜெனீவா நகரிலே உலக நாடுகளின் பேராளர்கள் கூடினர். அகதிகளுக்கான உடன்படிக்கையை எழுதினர். இனம், மதம், நாட்டினம், குறிப்பிட்ட சமுதாயக் குழுவைச் சேர்ந்திருத்தல், அரசியல் கருத்து ஆகிய ஐந்தில் ஒன்றன் காரணமாகத் துன்புறுத்தப்படுவோமென அஞ்சி நாட்டைவிட்டு வந்தவரே அகதி என்று வரையறுத்தனர். ஐந்திலே 'பால்' இல்லை. மறந்துவிட்டார்களா? இல்லை! அகதிகளுக்குள் வேற்றுமை பாராட்டக் கூடாது என்னும் பிரிவிலேனும் 'பால்' என்ற சொல்லைச் சேர்க்கலாமே என்று யூகோசுலாவியா எடுத்துரைத்தது. ஏற்கப்படவில்லை. பால் காரணமாகத் துன்புறுத்தல் என்று ஒன்று நேரக்கூடுமா என்று ஐயுற்றார், அன்றைய அகதிகள் ஆணையரே! இரண்டாம் உலகப் போர் முடிந்து ஆறே ஆண்டு. ஐரோப்பாவிலும் ஆசியாவிலும் படைகள் போன வழியெல்லாம் பெண்கள் பட்ட பாட்டின் வடு ஆறவில்லை. அந்த வேளையிலே இந்த ஐயம்! தெரியாமையன்று தோழர்களே, தெரிந்துகொள்ள மறுத்தல்.

கொழும்பு, டில்லி, ஜெனீவா. மூன்று ஊர்கள், மூன்று சட்டங்கள், நான்காண்டுக்குள் நடந்தேறியவை. மூன்றுக்கும் ஒரே குருடு: பெண் தனியொரு மனிதர் என்பது தெரியாத குருடு.

உலகம் அசைந்தது, நாம் அசையவில்லை

பெண்கள் விடவில்லை. "எழுதாத சொல்லை எழுதிய சொல்லுக்குள்ளே தேடுவோம்" என்று நீதிமன்றங்களின் கதவைத் தட்டினார்கள். 'சமுதாயக் குழு' என்று எழுதியிருக்கிறீர்களே, பெண்களும் ஒரு குழுவல்லவா என்று கேட்டார்கள். 1993இல் கனடா, பால் காரணமான துன்புறுத்தலை ஆராய்வதற்கென்றே வழிகாட்டு நெறிகளை வெளியிட்டது. 1996இல் அமெரிக்காவிலே, பிறப்புறுப்புச் சிதைப்புக்கு அஞ்சி ஓடிவந்த டோகோ நாட்டு இளம்பெண்ணுக்குப் புகலிடம் கிடைத்தது. 1999இல் இங்கிலாந்தின் பிரபுக்கள் அவை, நடத்தை கெட்டவர்கள் என்று பழிசுமத்தப்பட்டுத் திரும்பிப்போனால் கொடுமைக்கு ஆளாகக்கூடிய பாகிஸ்தான் பெண்கள் இருவரை அகதிகளென ஏற்றது. 2002இல் ஐக்கிய நாடுகள் அகதிகள் ஆணையமே, பெண்ணைக் கணவனிடமிருந்து பிரித்துத் தனியே விசாரியுங்கள், பெண் அதிகாரியை அமர்த்துங்கள் என்று நெறி வகுத்தது. 2024இல் ஐரோப்பிய ஒன்றியத்தின் நீதிமன்றம், ஒரு நாட்டின் பெண்கள் அனைவருமே சமுதாயக் குழுவாகக் கூடும் என்றது. தாலிபான் ஆட்சியின் கொடுமையைத் துன்புறுத்தலென ஏற்றது.

எல்லாம் இனிதே முடிந்ததா? இல்லை. அமெரிக்காவிலே 2018இல் ஒருவர், கணவனின் கொடுமைக்கு ஆளானவளுக்குப் பொதுவாகப் புகலிடம் இல்லை என்று கதவை அடைத்தார். 2021இல் வேறொருவர் வந்து திறந்தார். 2025இல், பெண் என்பது மட்டுமே ஒரு குழுவாகப் போதாது என்று மீண்டும் இறுக்கினார்கள். எழுதப்படாத உரிமையின் கதி இதுதான். ஆள்வோர் மாறினால் பொருள் மாறும்! சட்டத்தின் வரியிலே 'பால்' என்ற சொல் இருந்திருந்தால், இத்தனை கூத்துக்கு இடமேது?

அங்கே பூட்டைத் திறப்பதும் சாத்துவதுமாக இருக்கிறார்கள். இங்கே? இங்கே கதவுக்கு நிலையே இல்லை! 1951 உடன்படிக்கையிலும் அதன் 1967ஆம் ஆண்டு இணைப்பிலும் இந்தியா கையொப்பமிடவில்லை. அகதி யார் என்று சொல்லும் சட்டமும் இயற்றவில்லை. 2015இல் சசி தரூர் உள்ளிட்ட உறுப்பினர்கள் தனிநபர் மசோதாக்கள் கொண்டுவந்தார்கள், ஒன்றும் சட்டமாகவில்லை. வெள்ளையன் 1946இல் விட்டுச்சென்ற வெளிநாட்டவர் சட்டமே நீடித்தது. அதை நீக்கிவிட்டு 2025 செப்டம்பர் 1 முதல் புதிய குடியேற்ற, வெளிநாட்டவர் சட்டம் நடைமுறைக்கு வந்திருக்கிறது. புதுச் சட்டத்திலேனும் அகதிக்கு இலக்கணம் உண்டா? இல்லை. சுற்றுலா வந்தவனும், கள்ளக் கடத்தல்காரனும், உயிருக்கு அஞ்சி வந்தவளும் ஒரே சொல்லுக்குள்ளே: வெளிநாட்டவர்!

அதே நாளில் ஓர் ஆணை வந்தது: 2015 சனவரி 9 வரை இங்கே தஞ்சமடைந்து பதிவுபெற்ற இலங்கைத் தமிழருக்குக் கடவுச்சீட்டு இல்லாமைக்கான தண்டனை கிடையாது என்று. தண்டிக்க மாட்டோம் என்றது, நன்றி. ஆனால் குடியுரிமை தருவோம் என்று சொல்லவில்லை. தேதி தவறியவர்களைப் பற்றியும் பேசவில்லை. 2022 மார்ச்சு முதல், பொருளாதாரச் சீரழிவுக்கு அஞ்சிப் படகேறி, கைக்குழந்தையோடு தனுஷ்கோடி மணல்திட்டிலே இறக்கிவிடப்பட்டவர்களிலே பெண்கள் எத்தனை பேர்! அவர்கள் அந்தத் தேதிக்குள் அடங்கமாட்டார்கள்.

பெயர்பெற்ற எழுத்தாளரின் கதியைப் பாருங்கள். மதவெறியையும் பெண்ணடிமையையும் எதிர்த்து எழுதியதற்காக 1994இல் வங்காளதேசத்தை விட்டு ஓடவேண்டியிருந்தது தஸ்லீமா நஸ்ரினுக்கு. பின்னர் இந்தியாவிலே தங்குவதற்கு அவர் பெற்றது உரிமையன்று. காலக்கெடுவோடு கூடிய அனுமதிச் சீட்டு. 2024இல் அது காலாவதியாகி, உள்துறை அமைச்சருக்கு வெளிப்படையாக வேண்டுகோள் விடுத்த பிறகே அக்டோபரில் நீட்டிக்கப்பட்டது. உலகறிந்தவருக்கே இந்த நிலை. உள்ளூரும் அறியாத பெண் யாருக்கு வேண்டுகோள் விடுப்பாள்?

சட்டம் பார்க்கும் பஞ்சாங்கம்

நல்ல நேரம் பார்த்துத் தாலி கட்டுவோரையும், இராகுகாலம் பார்த்து வாசற்படி தாண்டுவோரையும் எள்ளி நகையாடினோம். இதோ, சட்டமே பஞ்சாங்கம் பார்க்கிறது!

முகாமிலே ஒரு தாய்க்கு இரண்டு பெண்மக்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். மூத்தவள் 1987 சூன் 30இல் பிறந்தாள். இந்திய மண்ணிலே பிறந்தவள், பிறப்பாலே குடிமகள். இளையவள் அதற்கு அடுத்த ஆண்டு அதே முகாமிலே, அதே பாயிலே பிறந்தாள். அவள் அயலாள்! ஏன்? 1987 சூலை 1க்குப் பின் பிறந்தவருக்குப் பெற்றோரில் ஒருவராவது இந்தியக் குடியினராக இருக்கவேண்டுமாம். ஒரே தாய், ஒரே மண், ஒரே பால். நாள் மட்டும் வேறு. சோதிடன் சொன்னால் மூடநம்பிக்கை. சட்டம் சொன்னால் நீதியா?

இன்னும் கேளுங்கள். முகாமிலே வளர்ந்த ஒரு பெண், திண்டுக்கல்லைச் சேர்ந்த இளைஞன் ஒருவனை மணக்கிறாள். சாதி பாராமல், எல்லை பாராமல் நடக்கும் மணம். நாம் மேடை போட்டு வாழ்த்துவோம். இந்தியக் குடிமகனை மணந்து ஏழாண்டு இங்கே வாழ்ந்தவர் குடியுரிமைக்கு விண்ணப்பிக்கலாம் என்று 1955ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் சொல்கிறது. ஆனால், 2003ஆம் ஆண்டுத் திருத்தம் ஒரு சொல்லைச் செருகியிருக்கிறது: 'சட்டவிரோதக் குடியேறி'. கடவுச்சீட்டின்றி வந்தவர் எவரும் அந்தச் சொல்லுக்குள் அடக்கம். அவருக்கு அந்த வழி அடைப்பு. உயிர் தப்பப் படகேறியவள் எந்த அலுவலகத்திலே நின்று கடவுச்சீட்டு வாங்கியிருப்பாள்?

அவளோடு போயிற்றா? 2004 டிசம்பர் 3 முதல் பிறக்கும் குழந்தைக்கு, பெற்றோரில் ஒருவர் இந்தியராயிருந்தால் மட்டும் போதாது. மற்றவர் சட்டவிரோதக் குடியேறியாக இருத்தலும் கூடாது. தந்தை திண்டுக்கல்லான், பாட்டன் திண்டுக்கல்லான், பிள்ளை பிறந்தது இந்த மண்ணிலே. ஆயினும், தாய் படகிலே வந்தவள் என்பதால் பிள்ளைக்கும் நாடில்லை! 1948இல் இலங்கைச் சட்டம், 'தாயை எண்ணமாட்டேன்' என்றது. இங்கோ தாயை எண்ணுகிறார்கள், தண்டிப்பதற்காக! உரிமை தருவதற்குத் தாய் வேண்டாம். உரிமை பறிப்பதற்குத் தாய் வேண்டும். இதைவிடக் கூரிய அநீதியை எவரால் வடிக்கமுடியும்?

2019இல் வந்த குடியுரிமைத் திருத்தம், பாகிஸ்தான், வங்காளதேசம், ஆப்கானிஸ்தான் ஆகிய மூன்று நாடுகளிலிருந்து 2014 டிசம்பர் 31க்குள் வந்தவர்களில் ஆறு மதத்தாருக்கு அந்தச் 'சட்டவிரோத'ச் சொல்லிலிருந்து விடுதலை அளித்தது. இலங்கை அந்தப் பட்டியலிலே இல்லை. கொடுமைக்கு ஆளான முஸ்லிம் பெண்ணும் இல்லை. அஞ்சி வந்தவள் எந்தக் கடவுளைக் கும்பிடுகிறாள் என்று கேட்கும் சட்டம், எவனுக்கு அஞ்சி வந்தாள் என்று கேட்கவில்லை.

மதுரையிலே ஒரு பெண் முற்காலத்தில் நீதி கேட்டு நின்றாள். அவள் பாண்டிநாட்டாள் அல்லள். சோழநாட்டுப் புகாரிலிருந்து வந்தவள். அரசன், "யார் நீ?" என்று கேட்டான்; "எந்தத் தேதிக்குள் வந்தாய்?" என்று கேட்கவில்லை. அயலாள் சொன்ன வழக்கைக் கேட்டான். தவறு தன்னுடையது என்று கண்டதும் உயிரையே விட்டான். கதையென்றே கொள்ளுங்கள், அயல்நாட்டுப் பெண்ணுக்கும் அவையிலே பேச இடமுண்டு என்று தமிழர் நினைத்ததற்கு அந்தக் கதையே சான்று.

அதே மதுரையிலே உள்ள உயர்நீதிமன்றக் கிளை, 2019இல், இந்திய வம்சாவளியினரான முகாம்வாசிகளின் குடியுரிமை விண்ணப்பங்களை ஆராய்ந்து முடிவெடுக்குமாறு அரசுக்கு ஆணையிட்டது. 2022இல், மண்டபம் முகாமிலே 1986இல் பிறந்த பெண் ஒருத்திக்குக் கடவுச்சீட்டு மறுக்கப்பட்டபோது, அவள் பிறப்பாலே இந்தியக் குடிமகள் என்று தீர்ப்பளித்தது. 2024 நாடாளுமன்றத் தேர்தலிலே அவள் வாக்களித்தாள். பிறந்து 38 ஆண்டுக்குப் பின் முதல் வாக்கு! ஒருத்திக்குக் கதவு திறந்தது, மகிழ்ச்சி. ஒவ்வொருத்தியும் மதுரை சென்று வழக்காட வேண்டுமென்றால், அது சட்டமா, சூதாட்டமா?

மறுப்போர்க்கு மறுமொழி

"நாடென்ன தரும சத்திரமா?" என்கிறார்கள். 2025 மே திங்களில் உச்சநீதிமன்றத்திலே, இலங்கைத் தமிழர் ஒருவர் வழக்கில், அவ்வாறே வாய்மொழியாகச் சொல்லப்பட்டது. மன்றத்தை மதிக்கிறோம், சொல்லை மறுக்கிறோம். சத்திரம் என்பது, கொடுப்பவன் மனம்போலக் கொடுப்பது. சத்திரச் சோறு வேண்டாம், சட்டம் வேண்டும் என்பதுதானே நமது கோரிக்கையும்! அதே உச்சநீதிமன்றம் 2000ஆம் ஆண்டிலே, ஹவுரா இரயில் நிலைய விடுதியிலே கூட்டு வன்முறைக்கு ஆளான வங்காளதேசப் பெண்ணுக்கு 10 இலட்சம் ரூபாய் இழப்பீடு தரச் சொன்னதே! உயிர்வாழும் உரிமையைத் தரும் 21ஆம் பிரிவு குடிமக்களுக்கு மட்டுமன்று, மனிதர் எவருக்கும் உரியது என்று சொன்னதே! அந்தத் தீர்ப்பைப் பின்பற்றுங்கள் என்கிறோம்.

"கதவைத் திறந்தால் வெள்ளமெனப் புகுவார்கள்" என்கிறார்கள். கணக்கைப் பார்ப்போம். 1983 முதல் வந்தவர்கள் 3,04,269 பேர் என்று 2021இல் சட்டமன்றத்திலே சொல்லப்பட்டது. அந்த ஆண்டு 108 முகாம்களில் இருந்தோர் 58,822; வெளியே வாழ்ந்தோர் 34,087. இருபத்தாறு ஆண்டுப் பெரும்போரின் முழுக் கணக்கு இது. 140 கோடி மக்கள் வாழும் நாட்டிலே இதுவா வெள்ளம்? தன் ஊரையும் உற்றாரையும் விட்டுவிட்டு ஓடிவர எந்தப் பெண்ணுக்கும் ஆசையில்லை.

"கணவன் மனைவி சண்டைக்கெல்லாம் புகலிடமா?" என்று நகைப்போரும் உண்டு. அடிக்கிறான் கணவன்; காவல்நிலையம் போகிறாள்; "வீட்டு விவகாரம்" என்று துரத்துகிறார்கள்; நீதிமன்றமும் கைவிரிக்கிறது. அந்நிலையிலே அது வீட்டு விவகாரமா? அரசு தன் பாதுகாப்பைப் பெண்ணென்பதால் மறுக்கும் நாட்டு விவகாரம்! பெண்ணை அடிப்பதைக் குடும்பத்துக்குள்ளே பூட்டி வைப்பது பழைய தந்திரம்.

"வீடும் கொடுத்தோம், பணமும் கொடுத்தோம்; இன்னும் என்ன?" என்பார் சிலர். ஆம், 2021இல் குடும்பத் தலைவருக்கு மாதம் 1,500 ரூபாய், மற்ற பெரியவர்களுக்கு 1,000 ரூபாய் என உயர்த்தினார்கள். பசிக்கு அது உதவும். வங்கிக் கடனுக்கு, அரசு வேலைக்கு, கடவுச்சீட்டுக்கு, வாக்குச்சீட்டுக்கு அது உதவாது. படித்துப் பட்டம் பெற்ற முகாம்பெண் அரசுப் பணித்தேர்வு விண்ணப்பத்தை எடுத்தால், 'நாட்டினம்' என்ற கட்டத்திலே பேனா நின்றுவிடுகிறது. அவள் கேட்பது கூடுதல் பணமன்று; அந்தக் கட்டத்திலே எழுத ஒரு சொல்!

செய்யவேண்டியது

நாம் கேட்பவை நான்கு. ஒன்று, அகதிக்கு இலக்கணம் கூறும் சட்டம். அதிலே 'பால்' என்ற சொல் ஐயத்துக்கு இடமின்றி எழுதப்படவேண்டும். இரண்டு, புகலிடம் கேட்டு வருபவள் குடும்பத்தின் வால் அல்லள், தனி ஆள், தனிப் பதிவு, தனி விசாரணை, பெண் அதிகாரி. மூன்று, பதிவுபெற்ற இலங்கைத் தமிழருக்குச் 'சட்டவிரோதக் குடியேறி' என்ற சூடு நீக்கப்படவேண்டும். குடியுரிமை வேண்டுவோர்க்கு வழி திறக்கப்படவேண்டும். திரும்பிப்போக விரும்புவோர் விருப்பமும் காக்கப்படவேண்டும். நான்கு, தாய் கடல் கடந்த குற்றத்துக்காகப் பிள்ளையை நாடற்றதாக்கும் பிரிவு ஒழிக்கப்படவேண்டும்.

டில்லி கேட்கும்வரை கைகட்டி நிற்கவேண்டியதில்லை, இளைஞர்களே! கையிலே இருக்கும் சிறு சாவி ஒன்றைச் சொல்கிறோம். 1987ஆம் ஆண்டுச் சட்டப்பணிகள் ஆணைக்குழுச் சட்டத்தின் 12ஆம் பிரிவு, இலவசச் சட்ட உதவிக்கு உரியவர்களின் பட்டியலிலே 'பெண்' என்று எழுதியிருக்கிறது. 'குடிமகள்' என்று எழுதவில்லை. 'பெண்' என்றே எழுதியிருக்கிறது! மாவட்டந்தோறும் அந்த ஆணைக்குழு உண்டு, திண்டுக்கல்லிலும் உண்டு. சட்டம் பயிலும் தோழர்கள் முகாமுக்குச் செல்லுங்கள். 1987 சூலைக்கு முன்னே இம்மண்ணிலே பிறந்தவர்கள் யார் யார், இந்திய வம்சாவளிச் சான்று வைத்திருப்போர் யார், இந்தியரை மணந்தோர் யார் என்று கேட்டு, அவர்கள் விரும்பினால், விண்ணப்பம் எழுத உதவுங்கள். படிப்பகங்களிலே இதைப் பேசுங்கள். நாடாளுமன்றத்துக்கு வாக்குக் கேட்டு வருவோரை நிறுத்தி, "அகதிச் சட்டத்துக்கு உன் கை உயருமா, உயராதா?" என்று கேளுங்கள். முகாமிலே வாழ்பவளுக்கு வாக்கில்லை, உங்களுக்கு இருக்கிறது. அவளுக்காகக் கேட்கவேண்டிய கடமையும் அந்த வாக்கோடு சேர்ந்தே வருகிறது.

பெண்ணைத் தெய்வமென்று கும்பிடவேண்டாம், தாயென்று உருகவேண்டாம். மனிதர் என்று சட்டத்திலே எழுதுங்கள். அதுவே சாவி.